கோர்ட் டயரியிலிருந்து அப்பாவை எழுதுவது எப்படி

அப்பா இறந்து பதினாறாம் நாள் கழிந்ததும் வழக்கறிஞர் சங்கத்தில் படத்திறப்பு வைத்தார்கள். ஒன்பது பேர் பேசினார்கள். நேர்மையானவர், எளிமையானவர், ஜூனியர்களைத் தட்டிக்கொடுத்தவர், நல்ல குடும்பத் தலைவர் என்றார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தபோது, இந்த ஒன்பது பேச்சையும் எந்த ஊர் வக்கீலின் படத்துக்குக் கீழேயும் வைத்துவிடலாமே என்று தோன்றியது. அன்று ராத்திரி என் பேத்தி, "தாத்தா கோர்ட்டுக்குப் போய் என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வக்கீல் வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கே தெரியவில்லை.

அப்புறம் ஒன்றரை வருஷம் உட்கார்ந்து அவருடைய வாழ்க்கையை 112 பக்கங்களில் எழுதினேன். அம்பாசமுத்திரத்தில் 1963 முதல் 2008 வரை தொழில் செய்தவர் அவர். பெரும்பாலும் முன்சீப் கோர்ட், சப் கோர்ட் சிவில் வழக்குகள்தான். அப்படித் தாலுகா ஊர் ஒன்றில் வக்கீலாக இருந்த அப்பாவையோ தாத்தாவையோ எழுதிவைக்க நினைப்பவர்களுக்காக, நான் செய்ததையும் செய்யத் தவறியதையும் இங்கே சொல்கிறேன்.

கட்டுகளைத் திருப்பிக் கொடுப்பதுதான் முதல் வேலை

எழுதுவதற்கு முன் பீரோவைத் திறந்து, கட்சிக்காரர்களின் காகிதங்கள் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். மூலப்பத்திரம், உயில், பட்டா, பழைய ரசீது எல்லாம் கேஸ் கட்டுகளுக்குள் இருக்கும். அவை நம் குடும்பச் சொத்து இல்லை. ஃபீஸ் பாக்கி இருந்தாலும்கூட வக்கீல் கட்டைப் பிடித்துவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. எங்கள் வீட்டில் 23 கட்டுகளில் அசல் பத்திரங்கள் இருந்தன. அப்பாவின் கடைசி ஜூனியரையும் குமாஸ்தா மாமாவையும் கூட வைத்துக்கொண்டு பட்டியல் போட்டு, ஒவ்வொருவராக வரச்சொல்லி, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தோம். நடப்பு வழக்கு ஏதாவது இருந்தால் அதுதான் எல்லாவற்றுக்கும் முதலில். வாய்தா நமக்காகக் காத்திருக்காது.

இது வெறும் கடமைக்காகச் செய்யும் வேலை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் பத்திரம் வாங்க வந்தவர்கள் சும்மா வாங்கிக்கொண்டு போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்தார்கள். "ஐயா இந்த இடத்துலதாம்மா உக்காந்திருப்பாக" என்று காட்டினார்கள். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், பத்திரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்பா தன்னிடம் கடைசியாகச் சொன்னதைச் சொன்னார்: "இனிமே கேஸ் போடாதீரும் அண்ணாச்சி, அந்தக் காசுல கிணத்தைத் தூர்வாரும்." என் புத்தகத்தின் முதல் குறிப்பு அதுதான். ஆகவே கட்டு கொடுக்கும் நாள்களில் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். ஒரே நாளில் எல்லோரையும் வரச்சொல்லாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு பேர் போதும்.

டயரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வக்கீலின் வாழ்க்கை எங்கே இருக்கிறது என்றால், கோர்ட் டயரியில் இருக்கிறது. ஒரு தேதிக்கு ஒரு பக்கம். அன்றைக்கு வரும் வழக்குகளின் எண், கட்சிக்காரர் பெயர், வழக்கு எந்த நிலையில் நிற்கிறது என்பது. சாயங்காலம் வந்ததும் அடுத்த வாய்தாத் தேதியை எழுதி, அந்தத் தேதியின் பக்கத்தையும் திருப்பி அங்கேயும் அதே வழக்கை எழுதிவைப்பார்கள். அதனால் ஒரு வழக்கின் நுனியைப் பிடித்துவிட்டால் நூல் பிடித்த மாதிரி வருஷக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கலாம்.

குறியீடுகள் முதலில் குழப்பும். ஓ.எஸ். என்றால் அசல் வழக்கு. ஏ.எஸ். என்றால் மேல்முறையீடு. ஈ.பி. என்றால் தீர்ப்பை நிறைவேற்றித் தரச்சொல்லும் மனு. ஐ.ஏ. என்றால் வழக்கின் நடுவே போடும் மனு. ஆர்.சி.ஓ.பி. என்றால் வாடகைக் கட்டுப்பாட்டு வழக்கு. எம்.சி. என்றால் ஜீவனாம்சம். 214/71 என்று இருந்தால் 1971-ல் தாக்கலான 214-ஆவது வழக்கு. பி.டபிள்யூ.1 என்றால் வாதித் தரப்பின் முதல் சாட்சி. இதற்கு மேல் ஒவ்வொரு வக்கீலுக்கும் சொந்தச் சுருக்கெழுத்து இருக்கும். அதைச் சொல்லித்தர ஒரே ஆள் அவருடைய குமாஸ்தா. குமாஸ்தா உயிரோடு இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். எங்கள் குமாஸ்தா மாமா அப்பாவோடு 36 வருஷம் இருந்தவர். அவர் சொல்லச் சொல்ல ஒரு பக்கத்தில் குறியீட்டு அகராதி எழுதி டயரிகளின் மேலேயே ஒட்டிவைத்தேன்.

எங்களுக்கு 41 டயரிகள் கிடைத்தன. நாலு வருஷத்து டயரிகள் இல்லை. 1992 நவம்பர் 13 அன்று தாமிரபரணியில் வந்த வெள்ளத்தில் கீழ்த்தட்டில் இருந்தவை கூழாகிவிட்டன. பாதி நனைந்தவற்றை அம்மா வெயிலில் போடாமல், பக்கங்களுக்கு நடுவே பழைய பேப்பரைச் செருகி, கூடத்தில் ஃபேனுக்குக் கீழே விரித்துக் காயவைத்தாள். அதனால்தான் அவை பிழைத்தன. நனைந்த காகிதத்துக்கு நிழலும் காற்றும்தான் மருந்து. கிழிந்த பக்கத்துக்கு செல்லோடேப் போடாதீர்கள். சில வருஷத்தில் மஞ்சள் கறை பிடித்து எழுத்தையே தின்றுவிடும். லாமினேஷனும் வேண்டாம். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் மொபைலில் படம் எடுத்தால் போதும். ஃபைல் பெயரில் வருஷம், மாதம், தேதி என்ற வரிசையில் போடுங்கள். அப்போதுதான் கம்ப்யூட்டரில் தானாக வரிசைப்படும்.

டயரியில் நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. வழக்கு எண்களுக்கு நடுவே நாங்களும் இருந்தோம். அண்ணன் "பெ.", பெரியவன். நான் "ந.", நடுவுள்ளவள். தங்கை "க.", கடைக்குட்டி. 1971-ல் ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: "ஈ.பி. 46/70 - அமீனா ரிப்போர்ட் வரவில்லை. ந. பல் விழுந்தது." அதே மையில், அதே வரிசையில். நான் அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வக்கீல் ஒரு அத்தியாயம், குடும்பத் தலைவர் ஒரு அத்தியாயம் என்று பிரித்து எழுதத்தான் முதலில் திட்டம் போட்டிருந்தேன். அந்த வரியைப் பார்த்த பிறகு திட்டத்தைக் கைவிட்டேன். அவர் பிரித்து வைக்காததை நான் ஏன் பிரிக்க வேண்டும்? நீங்களும் பிரிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

மே மாதப் பக்கங்கள்

நம் ஊர் சிவில் கோர்ட்டுகளுக்கு மே மாதம் விடுமுறை. அப்பாவின் டயரிகளில் மே வெறும் வெள்ளையாக இருக்கும். முதலில் அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிக்கொண்டே போனேன். பிறகுதான் உறைத்தது, எங்கள் ஞாபகத்தில் அப்பா அதிகமாக இருப்பதே மே மாதத்தில்தான். மணிமுத்தாறு அணைக்குப் போனது, பாபநாசத்தில் படியில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போட்டது, தங்கைக்கு சைக்கிள் பழக்கிவிட்டது எல்லாம் மே மாதம். டயரி எங்கே காலியாக இருக்கிறதோ அங்கே பிள்ளைகளைக் கேளுங்கள். நாங்கள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் தனித்தனியாக, ஞாபகத்தில் இருக்கும் ஒரு மே மாதத்தை எழுதினோம். மூன்றிலும் சைக்கிள் வந்தது. மூன்றிலும் வேறு வேறு நிறம். நான் மூன்றையுமே அப்படியே போட்டேன்.

எப்படிக் கேட்பது

"அப்பா எப்படிப்பட்டவர்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "தங்கமான மனுசன்" என்று பதில் வரும், பேச்சு அதோடு முடிந்துபோகும். நாளைப் பற்றிக் கேளுங்கள், பொருளைப் பற்றிக் கேளுங்கள். கோர்ட்டிலிருந்து வந்ததும் முதலில் எதைக் கழற்றுவார்? வாய்தா நாள் காலையில் திண்ணையில் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களுக்குக் காபி உண்டா, யார் போட்டது? ஃபீஸை எதில் சுற்றிக் கொடுப்பார்கள்? தோற்றுப்போன நாளில் வீட்டுக்குள் எப்படி நுழைவார்? அம்மாவிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டபோது யோசிக்கவே இல்லை. "ஜெயிச்சா செருப்பை வெளியில விட்டுட்டு வருவாரு. தோத்தா செருப்போட உள்ள வந்து, அப்புறம் திரும்பிப் போய் விட்டுட்டு வருவாரு" என்றாள். ஐம்பது வருஷம் யாரும் கேட்காததால் அவள் சொல்லாமலே இருந்திருக்கிறாள்.

அம்மாவை 11 தடவை ரெக்கார்ட் செய்தேன். ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்துக்குள். வயதானவர்களுக்கு அதற்கு மேல் தாங்காது. சாயங்காலம் காபி குடித்த பிறகு நன்றாகப் பேசினாள். காலையில் வேலை ஞாபகமாகவே இருப்பாள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதியையும் யார் பேசுகிறார்கள் என்பதையும் வாயால் சொல்லிவிடுங்கள். ரெக்கார்ட் ஆகிறது என்பதை முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். சில விஷயம் வரும்போது "இதை அணைச்சிரு" என்பார்கள். உடனே அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகு சொன்னதைப் புத்தகத்தில் எழுதக் கூடாது.

குமாஸ்தா மாமாவுக்கு நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டால் எதுவும் வரவில்லை. கோர்ட் வளாகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே அவருக்கு ஒவ்வொரு இடமும் பேசியது. இந்த வேப்பமரத்தடியில்தான் டைப்பிஸ்ட் உட்கார்ந்திருப்பார், இந்த ஜன்னலில்தான் நகல் மனு கொடுப்போம், இந்தப் படியில் வைத்துத்தான் ஐயா ஒரு நாள் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு ராஜி பேசினார் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். நான் பின்னால் நடந்தபடியே எழுதினேன். ஆள்களின் ஞாபகம் சில சமயம் இடத்தில் தங்கியிருக்கிறது. முடிந்தவரை இடத்துக்குக் கூட்டிப்போங்கள்.

அப்பாவின் காகிதங்களை மட்டும் நம்பியிருந்தால் நான் ஏமாந்திருப்பேன். எங்கள் பக்கம் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் விவசாயிகள். கார் பருவ நெல் அறுவடை முடிந்து, பிசானப் பருவ அறுவடை முடிந்துதான் ஃபீஸ் வரும். பள்ளிக்கூடச் செலவோ ஜூன் மாதம் வந்து நிற்கும். அந்த இடைவெளியை எப்படிச் சமாளித்தார்கள் என்று டயரியில் ஒரு வரி இல்லை. அம்மாவின் பிஸ்கட் டப்பாவில் இருந்தது பதில். ஜூன் மாதத்துத் தேதிபோட்ட அடகுச் சீட்டுகள், ஒன்பது வருஷத்துக்கு, எல்லாம் ஒரே சங்கிலிக்கு. ஒவ்வொரு ஜூனிலும் வைத்து, அறுவடைக்குப் பிறகு மீட்டிருக்கிறாள். "அவருக்குத் தெரியுமா?" என்றேன். "அவருதானே கொண்டுபோய் வைப்பாரு" என்றாள். நல்ல குடும்பத் தலைவர் என்று ஒன்பது பேர் சொன்னார்களே, அதன் முழுப் பொருளும் எனக்கு அந்தச் சீட்டுகளில்தான் கிடைத்தது. வக்கீலின் மனைவியை எழுதாமல் வக்கீலை எழுத முடியாது. கழுத்துப் பட்டைக்குக் கஞ்சி போட்டதிலிருந்து தொடங்குங்கள்.

தேதி பிடிப்பது

"அப்ப நீ சின்னப் பிள்ளை" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதை வருஷமாக மாற்றப் பொது நிகழ்ச்சிகளைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாலா பின்னாலா? 1975 எமர்ஜென்சி சமயமா? 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது எந்த வீட்டில் இருந்தோம்? எங்கள் பக்கத்தில் 92 வெள்ளம் ஒன்றே போதும். யாரும் மறக்கவில்லை.

வக்கீலுக்கு இன்னொரு காலண்டரும் உண்டு. சட்டம் மாறின வருஷங்கள். 1955-ன் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நெல் விளையும் எங்கள் தாலுகாவில் குத்தகைத் தகராறுகள் குறையவே இல்லை. ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்தின் உச்சவரம்பு 1970-ல் 30 ஸ்டாண்டர்ட் ஏக்கரிலிருந்து (நிலத்தின் தரத்துக்கேற்பக் கணக்கிடும் ஏக்கர்) 15 ஆகக் குறைந்தது. அதை ஒட்டிய டயரிகளில் பாகப்பிரிவினை பற்றிக் கேட்க வந்தவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். இது தெரியாமல் படித்தால் அந்த வருஷங்களில் அப்பா ஏன் ராத்திரி பத்து மணிக்கும் திண்ணையில் இருந்தார் என்பது புரியாது. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்தது. அதுவரை இரண்டாம் மேல்முறையீட்டுக்குச் சென்னை வக்கீலைப் பார்க்க நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில் போவார். கிளை வந்த பிறகு மதுரைக்குக் காலையில் போய் ராத்திரி திரும்பினார். அறுபத்தேழு வயதில் அவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை ரயில் டிக்கெட்டும் பஸ் டிக்கெட்டும் செருகியிருந்த பக்கங்களைப் பார்த்தபோது உணர்ந்தேன்.

1989-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கு என்று சட்டத் திருத்தம் வந்த வருஷம். ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அன்றைக்கு அது பொருந்தவில்லை. 2005-ல்தான் அது மாறியது. எனக்கு 1986-ல் ஆகிவிட்டது, தங்கைக்கு இன்னும் ஆகவில்லை. அப்பா எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து, சட்டம் இதுதான் என்று வக்கீலாக விளக்கினார். அப்புறம் தன் பங்குக்கும் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டின வீட்டுக்கும் உயில் எழுதி மூன்று பேருக்கும் சமமாக வைத்தார். ஒரு சட்டம் வீட்டுக்குள் நுழைந்த நாள் எது என்று தேடிப் பாருங்கள். வக்கீலின் குணம் அங்கே தெரியும்.

தீர்ப்புகளைத் தேடுவது

அப்பா பெயரைப் போட்டு இணையத்தில் தேடி, ஒன்றும் கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் அங்கே வாதாடிய வக்கீல் பெயர்தான் இருக்கும். கீழ்க்கோர்ட் வக்கீல் பெயர் வராது. ஆனால் தீர்ப்பின் தலைப்பிலேயே எந்த ஊர் சப் கோர்ட், எந்த ஊர் முன்சீப் கோர்ட், என்ன வழக்கு எண் என்று எழுதியிருப்பார்கள். டயரியில் உள்ள எண்ணையும் கோர்ட் பெயரையும் போட்டுத் தேடுங்கள். இந்தியன் கானூன் தளத்தில் இலவசமாகத் தேடலாம். தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் மெட்ராஸ் லா ஜர்னல் 1891-லிருந்து வருகிறது. வழக்கறிஞர் சங்க நூலகத்தில் பழைய தொகுதிகள் இருந்தால் ஒரு ஜூனியரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வக்கீல் பெயராலேயே தேட முடியும். ஆனால் கணினியில் ஏற்றப்பட்ட வழக்குகள்தான் வரும். எனவே அப்பாவின் கடைசி வருஷங்களுக்கு மட்டுமே அது உதவியது.

அவர் எப்போது வக்கீலாகப் பதிவு செய்தார் என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் பார் கவுன்சிலில் எழுதிக் கேட்கலாம். பதிவு எண் பழைய லெட்டர்பேடிலோ வக்காலத்திலோ இருக்கும். தாத்தா காலத்து ஆள் என்றால் பெயர்ப் பலகையில் பிளீடர் என்று இருக்கும். அட்வகேட், பிளீடர், வக்கீல் என்ற பிரிவுகளையெல்லாம் ஒன்றாக்கியது 1961-ன் வழக்கறிஞர்கள் சட்டம்.

எதை எழுதக் கூடாது

இதில் நான் கண்டிப்பானவள். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது வக்கீலோடு போக வேண்டும். 1872-ன் சாட்சியச் சட்டத்தில் 126-ஆவது பிரிவு அதைச் சொன்னது. வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கடமை தொடரும் என்றும் சொன்னது. 127-ஆவது பிரிவு குமாஸ்தாவையும் அதற்குள் கொண்டுவந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-லிருந்து நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 132-ஆவது பிரிவு இதையே சொல்கிறது. பிள்ளைகளைப் பற்றிச் சட்டத்தில் வார்த்தை இல்லைதான். ஆனால் திண்ணையில் அழுதவர்கள் நம்மை நம்பி அழவில்லை, அப்பாவை நம்பி அழுதார்கள். குமாஸ்தா மாமா ஏதாவது சொல்லத் தயங்கினால் நான் மறுபடி கேட்கவே இல்லை.

திறந்த கோர்ட்டில் நடந்தது, தீர்ப்பில் இருப்பது பொதுவானது. அதிலும்கூட ஜீவனாம்ச வழக்கு, குடும்ப வழக்கு என்றால் பெயர், ஊர், வருஷம், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். சின்ன ஊரில் பிள்ளைகளின் எண்ணிக்கை ஒன்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்பா என்ன செய்தார் என்பதை மட்டும் வைத்துக்கொண்டேன். மாதம் 500 ரூபாய்க்கு மேல் ஜீவனாம்சம் தர முடியாது என்று சட்டத்தில் வரம்பு இருந்த காலம் அது. 2001-ல்தான் அந்த வரம்பு போயிற்று. அப்படி ஒரு வழக்குக்காக வந்த அம்மாளின் ஊருக்கு மதியத்தில் ஒரே பஸ். அதை விட்டால் ராத்திரிதான். வாய்தா நாள்களில் காலையிலேயே பெஞ்ச் கிளார்க்கிடம் போய், அந்த வழக்கை முதலில் கூப்பிட முடியுமா என்று அப்பா கேட்டுவைப்பாராம். புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. அந்த அம்மாள் யார் என்பது தெரியாமலே அப்பாவைத் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டுச் சண்டை

ஊரார் பாகப்பிரிவினையையெல்லாம் தீர்த்துவைத்த அப்பா, தன் தம்பியோடு ஆறு வருஷம் பேசவில்லை. ஒரு கிணற்றுப் பங்குக்காக. அதை விட்டுவிடலாம் என்று அண்ணன் சொன்னான். விட்டால், 1984-ல் சித்தப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அப்பா கோர்ட்டுக்குப் போகாமல் நாலு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை எப்படி எழுதுவது? எழுதினேன். ஆனால் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் சித்தியின் வீட்டுக்குப் போய் அந்த ஏழு பக்கங்களையும் வாசித்துக் காட்டினேன். சித்தி ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினாள். "அண்ணன் பேசலைன்னு போட்டிருக்கே. ரெண்டு பேருமே பேசலைன்னு எழுதும்மா." அப்படியே மாற்றினேன். எதிர்த்தரப்பு கண்ணால் பார்க்காமல் எந்தச் சண்டையையும் அச்சில் ஏற்றாதீர்கள்.

எழுதத் தொடங்குவது

பிறப்பிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நான் மூன்று தடவை அப்படித் தொடங்கி மூன்று தடவையும் பத்தாம் பக்கத்தில் நின்றுபோனேன். டயரியில் ஏதோ ஒரு சாதாரண நாளை எடுங்கள். பெரிய தீர்ப்பு வந்த நாள் வேண்டாம். அந்த நாளை விடியலிலிருந்து தூங்கும் வரை எழுதுங்கள். டயரியில் இல்லாததை அம்மாவிடமும் குமாஸ்தாவிடமும் கேட்டு நிரப்புங்கள். நான் எடுத்தது 1974 ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை. புத்தகத்தின் 41-ஆம் பக்கத்தில் இப்படி வருகிறது:

"காலையிலிருந்தே சாரல். திண்ணையில் நாலு பேர். கன்னடியன் கால்வாய் மடைத் தகராறு, ஓ.எஸ். 214/71, மூன்றாவது வருஷம் நடக்கிறது. ஒன்பதே முக்காலுக்கு அப்பா குடையை விரித்துக்கொண்டு கோர்ட்டுக்கு நடந்தார். குமாஸ்தா மாமா கட்டுகளை மழைத்துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போனார். எதிர்த்தரப்பு சாட்சிக்கு உடம்பு சரியில்லை என்று வாய்தா கேட்டது. செப்டம்பர் 9. கட்சிக்காரரிடம் அப்பா, இன்று ஃபீஸ் வேண்டாம், நடந்தது ஒன்றுமில்லையே என்றார். திரும்பும் வழியில் பெரியவனுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கினார். ராத்திரி பெரியவன் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான்."

வழக்கு டயரியிலிருந்து, ஜியாமெட்ரி பாக்ஸ் டயரியின் ஓரத்திலிருந்து, தலைமாடு அம்மாவிடமிருந்து, மழைத்துணி குமாஸ்தா மாமாவிடமிருந்து. எது எங்கிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் தனியாகக் குறித்துவையுங்கள். இப்படி ஒரு நாளை முடித்துவிட்டால் கை பழகிவிடும். பத்து நாள்களை எழுதினால் மற்றவை, படிப்பு, கல்யாணம், பிறந்த ஊர் எல்லாம், எங்கே வர வேண்டுமோ அங்கே தானாக வந்து உட்காரும். "நேர்மையானவர்" போன்ற சொல் வரும்போதெல்லாம் அதை அடித்துவிட்டு, அந்தச் சொல்லை உங்களுக்குத் தோன்றவைத்த சம்பவத்தை எழுதுங்கள். சம்பவம் கிடைக்கவில்லை என்றால் சொல்லும் வேண்டாம்.

அச்சு

அறுபது பிரதி போட்டேன். இப்போது டிஜிட்டல் அச்சில் குறைந்த பிரதி போடுவது சுலபம். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். ஒலிப்பதிவுகளையும் படங்களையும் இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள். ஃபோட்டோக்களின் பின்னால் பேனாவால் எழுதாமல் மெல்லிய பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். யார் யார் என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். ஒரு பிரதி வழக்கறிஞர் சங்க நூலகத்துக்கு. முதல் பிரதி அம்மாவுக்கும் இரண்டாவது குமாஸ்தாவுக்கும் போக வேண்டும்.

கடைசியில் எட்டுப் பக்கங்களை வெறுமையாக விடுங்கள், எழுதத் தோதான தாளில். கொடுக்கும்போது, இதில் உங்களுக்குத் தெரிந்ததை எழுதி எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். எங்களுக்கு இதுவரை பதினான்கு பேர் அனுப்பியிருக்கிறார்கள். குமாஸ்தா மாமா மூன்றாம் நாளே புத்தகத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். கடைசிப் பக்கத்தில் அவருடைய பிராது எழுதும் கையெழுத்தில் இரண்டு வரி: "பக்கம் 41. அன்றைக்கு ஐயா குடை கொண்டுவரவில்லை. அது என் குடை, ஐயாதான் எனக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார்."